பனிவாரி

மாதம் ஒரு முறை சபைத் தாளுக்கு
இரண்டு பத்தி எழுதித் தருகிறேன்.
சொந்த வாழ்க்கையிலிருந்து ஒரு சம்பவம்,
கடைசியில் ஒரு வசனம்.
பதினான்கு வருஷப் பழக்கம்.
கை அதுவாகவே போகிறது இப்போது.

ரொட்டி மாவில் தொலைந்த மோதிரம்
ஹெட்லியின் பல்லில் அகப்பட்டது:
காணாமற்போன வெள்ளிக்காசு.
உறைந்த குழாயைத்
தலைமுடி உலர்த்தும் கருவியால்
மூன்று மணி நேரம் சூடாக்கினேன்:
சோர்ந்துபோகாமல் ஜெபம்பண்ணுதல்.
மூடுபனியில் வழி தப்பிய மாமா
யாரோ தகரம் தட்டிய சத்தத்தைப் பிடித்துக் கரையேறினார்:
அதற்குத் தேவைக்கு மேலேயே வசனம் உண்டு.
"நம் வீட்டில் தட்டு உடைந்தால்கூட
உபயோகமாய்த்தான் உடையும்" என்பார் ஹெட்லி.

இந்த மாதத்துக்கு
அந்தப் பெரும்பனியை எடுத்து வைத்திருந்தேன்.

நியூஃபவுண்ட்லாந்துக்காரர்களுக்குப்
பனியைப் பற்றிச் சொல்ல வேண்டாம்.
ஆனாலும் அந்த ஜனவரி
மாடி ஜன்னலில் பாதி வரை ஏறி நின்றது.
கதவை உள்ளே இழுத்தால் வெள்ளைச் சுவர்,
அதில் எங்கள் கதவின் அச்சு,
கைப்பிடிக்குக்கூட ஒரு குழி.
மின்சாரம் போயிற்று.
விறகு கொட்டகையில்;
கொட்டகை எங்கே என்று தெரியவில்லை.
மூன்றாம் நாள் விடியுமுன்
வெளியே சறக், சறக்.

அடுத்த வீட்டு லியாண்டர் பென்னி.
பதினோரு வருஷமாய்ப் பேச்சு இல்லை.
ஆலயத்தில் அவர் இடப்பக்கம், நாங்கள் வலப்பக்கம்;
சமாதானம் சொல்லிக் கைகுலுக்கும் நேரத்தில்
ஹெட்லிக்குச் சரியாக இருமல் வரும்.

தன் வாசலிலிருந்து எங்கள் வாசல் வரை
ஆள் உயரத்துக்கு ஒரு சந்து வெட்டியிருந்தார்.
தட்டவில்லை. திரும்பிப் போய்விட்டார்.
சந்தின் முடிவில்
ஒரு பனிவாரி நட்டு நின்றது,
பிடியில் ஹெட்லியின் பெயர் சுட்டது.
ஹெட்லி அதைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:
"பார். அவனிடம்தான் இருந்திருக்கிறது."

அப்புறமும் பேச்சில்லை.
இருமல் மட்டும் கொஞ்சம் குறைந்தது.

இதுவரை எழுதிவிட்டேன்.
சத்துருக்களைச் சிநேகியுங்கள் என்று கீழே போட்டு
உறையை ஒட்டியிருக்கலாம்.
லியாண்டர் மனந்திரும்பிய திருடன்.
ஹெட்லி கடினப்பட்ட இருதயம்.
நான் ஜன்னலோரம் நிற்கிறவள்.
எல்லாக் கதைகளிலும் நான் அங்கேதான் நிற்கிறேன்,
கையில் தேநீரும் பொருத்தமான வசனமுமாய்.

பேனா அந்த இடத்தில் நின்றது.

பனிவாரியைக் கொடுத்தது நான்.

ஒரு மார்ச் மாதம்.
ஹெட்லி கடலில்.
லியாண்டரின் மனைவி ட்ரைஃபீனா கேட்டாள், கொடுத்தேன், மறந்தேன்.
ஹெட்லி திரும்பி வந்து கொட்டகையைக் கவிழ்த்துத் தேடி
வேலிக்கு மேலாகத் "திருடா" என்று கத்தியபோது
எனக்கு நினைவு வந்தது.
நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன்.
ட்ரைஃபீனா அந்தக் கோடையைத் தாண்டவில்லை.

அவள் அவரிடம் சொல்லியிருப்பாளா?
சொல்லியிருந்தால்
லியாண்டர் எல்லாம் தெரிந்தே
பதினோரு வருஷம் திருடனாய் இருந்தார்.
தம்முடைய வாயைத் திறக்காத ஒருவரைப் பற்றி
ஏசாயாவில் படித்திருக்கிறேன்.
நானும்தான் திறக்கவில்லை.
அது வேறு.

பேதுருவுக்காவது ஒரு சேவல் கூவியது.
எங்கள் துறையில் சேவல் வளர்ப்பாரில்லை.

லியாண்டர் இப்போது கேண்டரில், மகள் வீட்டில்.
காது கேட்பதில்லையாம்.
அவருக்குக் கடிதம் எழுத வேண்டும், பெரிய எழுத்தில்.
அதற்கு முன்னால் ஒன்று இருக்கிறது.

அடுப்படியில் ஹெட்லி உருளைக்கிழங்கு சீவுகிறார்.
வானொலி நாளைய காற்றைச் சொல்கிறது,
வடகிழக்கு, மாலையில் பலக்கும்.
தாளின் அடியில் வசனத்துக்கு விட்ட இடம்
இன்னும் வெறுமையாய்க் கிடக்கிறது.

"ஹெட்லி."
"ம்."
"அந்தப் பனிவாரி..."

கத்தி நிற்கிறது.
ஈரக் கையோடு எட்டி
வானொலியின் சத்தத்தைக் குறைக்கிறார்.